ஆளில்லா விமானமும் ஆள்கிறவரும்

பல்செட் செய்கிறவள் என்பதால் அந்தத் தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். பல் டாக்டர்கள் அனுப்பும் பிளாஸ்டர் அச்சுகளை வைத்துக்கொண்டு, முகமே பார்த்திராத மனிதர்களுக்குச் சிரிப்பு தயாரித்துக் கொடுப்பது தொழில். பதினெட்டு வருடப் பழக்கத்தில், ஒருவர் வாயைத் திறந்தால் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்கு முன்னால் பல்வரிசையைப் பார்த்துவிடுவாள். பேச்சில் பாதி காதில் விழாது. அரசாங்க அலுவலகங்களில் இதனால் அவளுக்குப் பெரிய நஷ்டம் எதுவும் ஏற்படவில்லை.

அவள் தம்பி குடிநீர் வாரியத்தில் சர்வேயர். எல்லையோர மலை ஊர்களுக்குக் குழாய் போட வேண்டும், அளந்துகொண்டு வா என்று வாரியம்தான் அவனை அனுப்பியது. ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவன் மூன்று கால் ஸ்டாண்டை விரித்து, மேலே கருவியைப் பொருத்தி, ஒரு கண்ணை மூடிக் குனிந்திருந்தான். அளவுகோல் பிடிக்க இரண்டு பேர். குழாய் எங்கள் வீட்டுப் பக்கம் வருமா என்று கேட்க வந்து நின்றவர்கள் எட்டுப் பேர். மேலே ஒரு ட்ரோன் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. பதினொன்று ஐந்துக்கு அங்கே ஸ்டாண்டும் இல்லை, குனிந்திருந்தவனும் இல்லை, கேட்க வந்தவர்களும் இல்லை.

சாயங்காலச் செய்தியில் நாட்டின் தலைவர் தோன்றினார். எல்லையில் பதினோரு எதிரிகள் ஒழிக்கப்பட்டதாகச் சொன்னார். துல்லியம் என்ற சொல்லை நான்கு தடவை பயன்படுத்தினார்.

அதற்கப்புறம் மூன்று காரியங்கள் நடந்தன. குடிநீர் வாரியத்திலிருந்து தம்பிக்கு ஒரு மெமோ வந்தது: அனுமதியின்றி வேலைக்கு வராததற்கு விளக்கம் அளிக்கவும், வாரியத்தின் கருவியை நல்ல நிலையில் திருப்பி ஒப்படைக்கவும். இறப்புச் சான்றிதழ் கேட்டுப் போன தம்பி மனைவியை, எதிரிகளுக்கு இங்கே பதிவு இல்லை என்று பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். தம்பி மகள் நான்காம் வகுப்பு. பள்ளிக்கூடப் பதிவேட்டில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் சர்வேயர் என்றிருந்ததை அடித்து, எதிரி என்று எழுதினார் தலைமையாசிரியர். கொஞ்சம் மனசாட்சி உள்ளவர். மேலிடத்திலிருந்து தெளிவு வரும்வரை இருக்கட்டும் என்று பென்சிலால்தான் எழுதினார்.

குழந்தை வீட்டுக்கு வந்து, "அத்தை, எதிரின்னா அது என்ன வேலை?" என்று கேட்டது.

பல்லக்கா கையிலிருந்த மெழுகைக் கீழே வைத்தாள். மறுநாள் கடைக்குப் பூட்டு போட்டுவிட்டுப் பொறுப்பு நிர்ணயத் துறைக்குக் கிளம்பினாள்.

அப்படி ஒரு துறை இருப்பது பலருக்குத் தெரியாது. ட்ரோன் விஷயத்தில் யாருமே பொறுப்பேற்பதில்லை என்று சில வருடங்களுக்கு முன் ஊரெல்லாம் கூச்சல் கிளம்பியபோது, அந்தக் கூச்சலுக்குப் பொறுப்பாக ஒரு துறையை ஏற்படுத்தினார்கள். ஆறு மாடிக் கட்டடம், நூற்று நாற்பது பேர் வேலை. ஆரம்பித்த நாளிலிருந்து ஒருவரையும் பொறுப்பாளி என்று தீர்மானித்ததில்லை. அவசரப்பட்டு முடிவெடுக்காத துறை என்று அதற்கு நல்ல பெயர் இருந்தது.

வரவேற்பில் இருந்த குமாஸ்தாவுக்கு முன்பல் இரண்டு இல்லை. மரியாதையான மனிதர். ஒரு படிவத்தை நீட்டினார்.

"எல்லாக் கட்டத்தையும் நிரப்பணும்மா. ஒண்ணு காலியா இருந்தாலும் வாங்க மாட்டாங்க."

தம்பியோடு செத்த பத்துப் பேரையும் சேர்த்தே பல்லக்கா நிரப்பினாள். ஏழாவது கட்டத்தில் பேனா நின்றது. 'சம்பவத்துக்குப் பொறுப்பானவரின் பெயர்.'

"சார், இதைத் தெரிஞ்சுக்கத்தானே நான் வந்திருக்கேன்?"

"தெரியாம மனு கொடுக்க முடியாதும்மா."

"தெரிஞ்சா நான் எதுக்கு மனு கொடுக்கறேன்?"

"எல்லாரும் இந்தக் கேள்விதான் கேக்கறாங்க" என்றார் குமாஸ்தா, வருத்தமாக. "கேட்டுட்டு வீட்டுக்குப் போயிடறாங்க."

பல்லக்கா கொஞ்சம் யோசித்தாள். டிவியில் வந்து ஒழித்தோம் என்று சொன்னவர் யாரோ அவர்தானே என்று நினைத்து, நாட்டின் தலைவர் என்று குண்டு குண்டான எழுத்தில் எழுதினாள். குமாஸ்தா அதைப் படித்துவிட்டு, கெட்ட வார்த்தையைப் பார்த்த மாதிரி காகிதத்தைக் குப்புறக் கவிழ்த்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, வாங்கிக்கொண்டதற்கான முத்திரையைக் குத்தினார். "கட்டம் காலியா இல்லை. வாங்காம இருக்க விதி இல்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பத்து நாள் கழித்துத் துணை இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். நாற்பத்தைந்து வயதுக்காரர், பால்பல் மாதிரி சின்னச் சின்னப் பற்கள். படிவத்தை ஒரு விரல் நுனியால் தள்ளி வைத்தார்.

"ஏழாவது கட்டத்துல தப்பா எழுதியிருக்கீங்க. தலைவர் எப்படிம்மா பொறுப்பாவார்? அவர் பட்டனை அழுத்தறதில்லை."

"யார் அழுத்தறாங்க?"

"ஒரு பையன் அழுத்தறான். ஏசி ரூம்ல உக்காந்திருப்பான். அவனுக்கு உத்தரவு வருது, அழுத்தறான். அவனைக் குத்தம் சொல்ல முடியுமா?"

"உத்தரவு போடறது யாரு?"

"அவனோட மேலதிகாரி. ஆனா அவரா போடறதில்லை, பட்டியல் பாத்துப் போடறார். பட்டியலைக் கமிட்டி தயாரிக்குது. கமிட்டியும் அதுவாத் தயாரிக்கறதில்லை, கம்ப்யூட்டர் சொல்றதை எழுதிக்குது. கம்ப்யூட்டர் மேலேர்ந்து படம் பாக்குது. மூணு கால் தெரிஞ்சா பீரங்கி, கூட ரெண்டு பேர் நின்னா படை, எட்டுப் பேர் நின்னா பெரிய படை. அது கணக்கு. கணக்கு மேல யாரும் கோபப்பட முடியாது."

"அப்போ தலைவர் என்ன பண்றார்?"

"செவ்வாய்க்கிழமை பட்டியல் அவர்கிட்ட போகும். அவர் சம்மதிப்பார். சம்மதம் வேற, உத்தரவு வேற."

"எப்படிச் சம்மதிப்பார்? டிக் அடிப்பாரா?"

துணை இயக்குநருக்கு முகம் சிவந்தது. "டிக்கெல்லாம் இல்லை. ஓரத்துல ஒரு சின்னக் கையெழுத்து. அவ்வளவுதான். அதுவும் பென்சிலாக்கூட இருக்கலாம்."

பல்லக்காவுக்குப் பள்ளிக்கூடத்துப் பென்சில் ஞாபகம் வந்தது.

"கையெழுத்து போட்டது ஒருத்தர், பட்டன் அழுத்தினது ஒருத்தர், படம் பாத்தது ஒண்ணு" என்றாள். "இத்தனை பேர் சேந்து செஞ்சா, எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாவது பங்கு வராதா?"

"அங்கதான் நம்ம நிர்வாகத்தோட அழகு இருக்கு" என்றார் துணை இயக்குநர், முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டு. "பொறுப்பைச் சின்னச் சின்னதாப் பிரிச்சுக் கொடுத்திருக்கோம். ஒருத்தர் கையிலயும் கண்ணுக்குத் தெரியற அளவு இருக்காது."

ஆனாலும் முத்திரை குத்திய மனுவாகிவிட்டது. விசாரிக்காமல் விட்டால் விசாரிக்காததற்கு யாராவது பொறுப்பாகிவிடும் அபாயம் இருந்தது. அதனால் மூன்று பேர் கொண்ட குழு அமைத்து விசாரணைக்குத் தேதி கொடுத்தார்கள்.

குழுத் தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. மேல் பல்செட் சரியாகப் பொருந்தாமல் பேசும்போது கடகடவென்று ஆடியது. இவ்வளவு பெரிய மனிதருக்கு இப்படி ஒரு மட்டமான வேலையை யார் செய்து கொடுத்தது என்று பல்லக்காவுக்கு எரிச்சலாக வந்தது.

"மனுதாரர் கவனிக்க வேண்டும்" என்றார் நீதிபதி. "சம்பவத்தில் ஈடுபட்டது ஆளில்லா விமானம். சட்டம் இதில் மிகத் தெளிவாக இருக்கிறது. ஆளில்லா விமானம் என்றாலே ஆள் இல்லை என்று அர்த்தம். ஆள் இல்லாத இடத்தில் எந்த ஆளைப் பொறுப்பாளியாக்குவது?"

மற்ற இருவரும் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள்.

பல்லக்கா எழுந்து நின்றாள். "ஐயா, ஓட்டற ஆள் இல்லைன்னுதான் அதுக்கு அர்த்தம். ஆள்றவர் இல்லைன்னு அர்த்தம் இல்லையே?"

நீதிபதி தம் பல்செட்டை நாக்கால் சரிசெய்துகொண்டார். பிறகு, மனுதாரர் இலக்கணப் பிரச்சினை கிளப்புவதாகவும், இலக்கணம் வேறு துறை என்றும் பதிவு செய்யச் சொன்னார். இருந்தாலும் நியாயம் நடந்ததாகத் தெரிய வேண்டும் என்பதால், குற்றம் சாட்டப்பட்ட விமானத்தையே நேரில் ஆஜர்படுத்தி விசாரிக்க உத்தரவிட்டார்.

அது நிஜமாகவே நடந்தது. அடுத்த திங்கட்கிழமை ட்ரோனை டிராலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இறக்கை வாசலில் இடித்தது. அரசாங்கச் சொத்து என்பதால் இறக்கையைக் கழற்ற அனுமதி இல்லை. வாசலும் அரசாங்கச் சொத்துதான், ஆனால் குறைந்த ரகச் சொத்து. ஆகவே சுவரை இடித்தார்கள். சிமென்ட் தூசி அடங்கியதும் ட்ரோனைச் சாட்சிக் கூண்டின் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஒரு இறக்கை சுருக்கெழுத்தாளர் தலைக்கு மேலே நீண்டிருந்ததால் அந்த அம்மாள் குனிந்தபடியே எழுத வேண்டியிருந்தது. ட்ரோனுக்கு வாதாட அரசுச் செலவில் ஒரு வக்கீல் வந்திருந்தார். பல்லக்காவுக்கு வக்கீல் கிடையாது.

பல்லக்கா அதை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தாள். சாம்பல் நிறம். அடிவயிற்றில் உருண்டையாக ஒரு கண்ணாடிக் கண். தம்பி கடைசியாக ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இந்த ஒற்றைக் கண் மேலேயிருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"உன்மேல் சொல்லப்படும் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?" என்று நீதிபதி ட்ரோனைக் கேட்டார்.

ட்ரோன் மௌனம் சாதித்தது. மௌனம் சாதிக்கும் உரிமை அதற்கு உண்டு என்று வக்கீல் எழுந்து சொன்னார். மேலும், சம்பவ நாளில் தம் கட்சிக்காரருக்குள் இருந்தது பழைய மென்பொருள் என்றும், பிறகு புது மென்பொருள் ஏற்றப்பட்டுவிட்டதால் தவறு செய்த அந்தப் பழைய ஆசாமி இப்போது உயிரோடு இல்லை என்றும், இறந்தவர்மேல் வழக்கு நடத்துவது நாகரிகமில்லை என்றும் அரை மணி நேரம் வாதாடினார். குழுவில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசியாகவும் இருக்கலாம்.

"என் தம்பியும் உயிரோட இல்லைங்க" என்றாள் பல்லக்கா.

"அது பதிவு செய்யப்படவில்லையே" என்றார் நீதிபதி. "இறப்புச் சான்றிதழ் இருக்கிறதா?"

இல்லை. ட்ரோனை எச்சரித்து விடுதலை செய்தார்கள். சுவரைத் திரும்பக் கட்டுவதற்கு முன்னால் அதை வெளியே எடுக்க வேண்டுமே என்று எல்லோரும் அவசரப்பட்டதில், பல்லக்காவிடம் தீர்ப்பைச் சொல்ல மறந்துவிட்டார்கள். சுருக்கெழுத்தாளர் அம்மாள்தான் கழுத்தை நீவிக்கொண்டே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு வீட்டில் தம்பி மனைவி, "விட்டுடுங்க அண்ணி" என்றாள். "யார்னு தெரிஞ்சு மட்டும் என்ன ஆகப்போகுது?"

"ஒருத்தரை ஒழிச்சோம்னு டிவில வந்து பெருமையாச் சொல்லத் தெரியுது. அதை ஒரு காகிதத்துல எழுதிக் கொடுக்க மட்டும் யாரும் இல்லைன்னா, அது என்ன நியாயம்? டிவில சொன்னாலும் காகிதத்துல எழுதினாலும் அந்தச் சொல்லு ஒண்ணுதானே?" என்றாள் பல்லக்கா. தம்பி மனைவி இருவருக்கும் டீ போட்டாள்.

அடுத்த வாரம் ஒரு அழைப்பிதழ் வந்தது. துறையின் புதிய கட்டடத் திறப்பு விழா. தலைவரே வருகிறார். துறையால் பயனடைந்தவர்கள் என்று முதல் வரிசையில் ஐந்து பேரை உட்கார வைக்க வேண்டும். பயனடைந்தவர்கள் ஒருவரும் இல்லாததால், அதிகத் தடவை வந்துபோனவர்களாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தார்கள். பல்லக்கா மூன்றாவது நாற்காலி.

தலைவருக்கு அருமையான பற்கள். ஒவ்வொன்றும் செய்து வைத்தது. தொழில்காரி என்ற முறையில் பல்லக்கா ரசிக்கத்தான் செய்தாள். ஆனால் அன்றைக்கு முதல் தடவையாக, அவர் பேச்சையும் ஒரு எழுத்து விடாமல் கேட்டாள்.

"யார் பொறுப்பு, யார் பொறுப்பு என்று கேட்கிறார்கள்" என்றார் தலைவர். "ஓடி ஒளிகிறவன் நான் அல்ல. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் என் மேசைக்கு ஒரு பட்டியல் வருகிறது. அதில் எத்தனை பெயர் என்றுகூட நான் பார்ப்பதில்லை. அவ்வளவு நம்பிக்கை எனக்கு என் அதிகாரிகள்மீது. படித்துப் பார்ப்பவன் சந்தேகக்காரன். படிக்காமல் கையெழுத்திடுபவன்தான் தலைவன். நம் ட்ரோன்கள் ஈட்டிய வெற்றி ஒவ்வொன்றுக்கும் முழுப் பொறுப்பையும் நானே ஏற்கிறேன். யாரோடும் பங்குபோட மாட்டேன்."

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. துணை இயக்குநர் எழுந்து நின்று தட்டினார்.

பிறகு பயனாளிகள் ஒவ்வொருவராக மேடையேறினார்கள். தலைவரின் படம் ஒன்றைக் கொடுப்பார்கள், அதில் அவர் கையெழுத்துப் போட்டுத் தருவார். பல்லக்கா தன் முறை வந்தபோது படத்தின்மேல் தன் படிவத்தின் நகலை வைத்து நீட்டினாள். கீழே, 'ஏழாவது கட்டத்தில் கண்டவர் நானே. பொறுப்பை ஏற்கிறேன்' என்ற அச்சடித்த வரி. அதற்குக் கீழே காலியிடம். துறை தொடங்கிய நாளிலிருந்து யாருமே கையெழுத்திடாத இடம். தலைவர் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி, கை எங்கே போகிறது என்று பார்க்காமல், போட்டுவிட்டார். போட்டுவிட்டு, "நல்லா இருங்க" என்றும் சொன்னார்.

பல்லக்கா மேடையை விட்டு இறங்கி, நேராக வரவேற்புக்குப் போய், குமாஸ்தாவிடம் நீட்டினாள். அவர் கையெழுத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முத்திரையை எடுத்தார்.

மறுநாள் துறைச் செயலாளர் அறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். செயலாளர் முதல் நாள் சாப்பிடாதவர் போலிருந்தார்.

"தலைவர் அதைப் படிக்கலைம்மா" என்றார். "படிக்காமப் போட்ட கையெழுத்து செல்லாது."

"அப்ப சரிங்க" என்றாள் பல்லக்கா. "செவ்வாய்க்கிழமைப் பட்டியலையும் படிக்கறதில்லைன்னு அவரே சொன்னாரே. அதுவும் செல்லாதா?"

செயலாளர் சட்ட ஆலோசகரைப் பார்த்தார். சட்ட ஆலோசகர் கூரையைப் பார்த்தார். பட்டியல் செல்லாதென்றால் இதுவரை நடந்ததெல்லாம் கொலையாகிவிடும். கையெழுத்து செல்லும் என்றால் மனுவில் கண்ட பதினோரு பேர் மட்டும் கொலையாவார்கள். நாட்டு நலனை உத்தேசித்து இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று மணி நேரம் கழித்து, முத்திரையிட்ட ஒரு சான்றிதழ் வெளியே வந்தது: 'மனுவில் கண்ட பதினோரு பேரின் இறப்புக்கு நாட்டின் தலைவர் மனமுவந்து பொறுப்பேற்றுள்ளார். கோப்பு முடிக்கப்பட்டது.'

"ஏத்துக்கிட்டாச்சு. இனிமே என்ன நடக்கும்?" என்று கேட்டாள்.

"என்ன நடக்கணும்? ஏத்துக்கிட்டதுதான் நடந்தது" என்றார் செயலாளர். அந்த மாதக் கடைசியில் தலைவருக்குப் 'பொறுப்பின் சிகரம்' என்ற விருது கொடுத்தார்கள். பொறுப்பேற்றதற்காக விருது வாங்கிய முதல் தலைவர் என்று பத்திரிகைகள் பாராட்டின.

பல்லக்கா விருதைப் பற்றிக் கவலைப்படவில்லை. தம்பி மனைவியைக் கூட்டிக்கொண்டு பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த பெண் அலுவலர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, இறப்புக்குக் காரணமானவர் என்ற இடத்தில் நிதானமாகத் தட்டச்சு செய்தார்: நாட்டின் தலைவர். ஒப்புதல் கையெழுத்து இணைப்பு.

"உங்களுக்குப் பயமா இல்லையா மேடம்?" என்று தம்பி மனைவி தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"முத்திரை இருக்கு, தேதி இருக்கு, கையெழுத்து இருக்கு. பதியலைன்னா நான் பொறுப்பாயிடுவேன்" என்றார் அலுவலர். "எதுக்கு வம்பு?"

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அந்தச் சான்றிதழை இரண்டு தடவை படித்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, ரப்பர் தேடினார். குழந்தையே தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தது.

விஷயம் மலைக்குப் போக ஒரு வாரம் ஆயிற்று. மற்றப் பத்துக் குடும்பங்களும் பஸ் ஏறி வந்தன. அவர்கள் பேரும் அதே சான்றிதழில் அடங்கியிருந்ததால் பெண் அலுவலர் பத்தையும் பதிந்துகொடுத்தார். அவர்களுக்குப் பின்னால் வேறு மலைகளிலிருந்து வேறு வியாழக்கிழமைக்காரர்கள் படிவத்தோடு வந்து நின்றார்கள். அவர்களிடம் கையெழுத்து இல்லை. ஆனால் ஏழாவது கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று தெரிந்திருந்தது.

இரண்டு மாதம் கழித்து வரவேற்புக் குமாஸ்தா பல் டாக்டரிடம் முன்பல்லுக்கு அளவு கொடுத்துவிட்டு, பல் எப்போது தயாராகும் என்று கேட்கக் கடைக்கு வந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"ஒரு விஷயம் நடந்துதும்மா. உங்க கையெழுத்து விவகாரத்துக்கப்புறம் மேலிடத்துல ஒரு ஆர்டர் போட்டாங்க. தலைவர் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி எந்தக் காகிதமா இருந்தாலும் முழுசாப் படிச்சுக் காட்டணும்னு."

பல்லக்கா மெழுகு உருக்குவதை நிறுத்தினாள்.

"செவ்வாய்க்கிழமை பட்டியல் வந்திருக்கு. ஒரு அதிகாரி நின்னு படிச்சிருக்கார். இன்னார், வயசு இத்தனை, இன்ன இடத்துல நிக்கறார், கையில இன்னது இருக்குன்னு. பதினாலு பேர் முடியறதுக்குள்ள மணி ஒண்ணு ஆயிடுச்சாம். தலைவர் எழுந்துட்டாராம்."

"மனசு வரலையா?"

"அதெல்லாம் இல்லை. சாப்பாட்டு நேரம்" என்றார் குமாஸ்தா. "ஆனா அந்த வாரம் எதுவும் பறக்கலை."

"அடுத்த வாரம்?"

குமாஸ்தா மேசைமேல் வரிசையாக இருந்த பிளாஸ்டர் வாய்களைப் பார்த்தார். "அடுத்த வாரம், அவருக்குப் பதிலாக் கேக்கறதுக்குன்னு ஒரு அதிகாரியைப் போட்டுட்டாங்க. படிக்கறதையெல்லாம் இவர் உக்காந்து கேக்கணும். கேட்டு முடிச்சதும் தலைவர் கையெழுத்து போடுவார். எல்லாம் பழையபடி ஓடுது."

பல்லக்கா அடுப்பை அணைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, வேலைச் சீட்டுக் கட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பேனாவை எடுத்தாள்.

"ஒவ்வொரு பேரையும் கேக்கறாரா? ஒண்ணு விடாம?"

"ஒண்ணு விடாம."

"அப்ப அவருக்கு எல்லாம் தெரியும்" என்றாள். "அவர் பேர் என்ன சார்? எழுத்துக்கூட்டிச் சொல்லுங்க."

குமாஸ்தா வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, முன்பல் இல்லாததால் எழுத்து தப்பிவிடக் கூடாதென்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.